குஞ்சுக்கு வைத்த அலாரம்

கரைத்த மாவில் ஒரு துளியை யோகநாதன் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். சூடு கூடிப்போயிருந்தது. ஊதினார். இன்னொரு துளி விட்டார். இப்போது சரி. மேசை விளக்கின் கீழே, சப்பாத்துப் பெட்டிக்குள், பழைய சாரத்துண்டின் மேல் கிடந்த லவ்பேர்ட்ஸ் குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தது. உடம்பில் இறகைவிடத் தோல்தான் அதிகம்.

"இந்தா ராசா, அவசரப்படாதை. அப்பா தீத்தி விடுறன்" என்று கொஞ்சிக்கொண்டே கரண்டி நுனியால் ஊட்டினார். கழுத்தடியிலிருந்த இரைப்பை மெல்ல உப்பி வந்தது.

"இஞ்சருங்கோ, சோறு போட்டாச்சு. ஆறுது" என்று குசினிக்குள்ளிருந்து மனைவி நேசமலர் குரல் கொடுத்தாள்.

"பொறும் நேசம். குஞ்சு பசி தாங்காது."

நேசமலரும் பொறுத்தாள். அவளுக்கு அது புதிதில்லை.

யோகநாதன் வங்கியொன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் கனடாவில் இருக்க, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி பிளட்டில் இருவருமாகக் குடியிருந்தார்கள். மனிதர் தங்கமானவர்தான். கோயில் அன்னதானம் என்றால் முதல் ஆளாக நின்று சனத்தைக் கூப்பிட்டு இருத்துவார். ஆனால் கலியாணம் கட்டிய நாள் முதல் தன் கையால் ஒரு பிளேன்ரீ ஊற்றிக் குடித்தறியாதவர். அப்பேர்ப்பட்டவர் இப்போது சுடுதண்ணிப் போத்தலும் கரண்டியுமாகத் திரிவதைக் கண்டு, எதிர் பிளட் ஜவாஹிறா வாசலில் நின்று சிரித்தாள். "அங்கிள் குசினிக்குப் போறீங்களா? அப்ப இன்டைக்கு மழதான்!"

எல்லாம் குற்ற உணர்வு செய்த வேலை. பல்கனிக் கூட்டில் ஒரு சோடி லவ்பேர்ட்ஸ் வளர்த்தார். பேடு முட்டையிட்டு மரப்பெட்டிக்குள் அடைகாக்க, சேவல் தான் தின்றதைக் கக்கிக் கக்கிப் பெட்டி வாசலிலேயே அதற்கு ஊட்டியது. அதைப் பார்க்கப் பார்க்க இவருக்குத் தெவிட்டவில்லை. "நேசம், ஓடிவாரும்! மனுசிக்கு மனுசன் தீத்திற வடிவைப் பாரும்!" என்று கூப்பிடுவார். நேசமலர் வந்து பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கறி அடிப்பிடிக்குமென்று திரும்பிப் போய்விடுவாள்.

ஒருநாள் தண்ணீர் மாற்றியவர் கூட்டுக் கதவைக் கொளுவ மறந்துபோனார். சேவல் ரயில் பாதையைத் தாண்டிக் கடல் பக்கம் பறந்ததுதான், திரும்பவேயில்லை. ஊட்ட ஆளில்லாத பேடு பசிக்கு வெளியே வர, முட்டைகள் குளிர்ந்து போயின. பொரித்தது ஒன்றே ஒன்று. அதையும் தாய் கொத்தித் தள்ளிவிட்டது. "என்னாலதானே இந்த உயிருக்கு இந்தக் கதி" என்று மனம் நொந்தவர், குஞ்சைத் தன் கையால் வளர்க்கத் துணிந்தார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் தீன் கொடுக்க வேண்டுமென்று கடைக்காரர் சொன்னபடியே போனில் அலாரமும் வைத்தார்.

நேசமலருக்குச் சீனி வருத்தம் இருந்தது. குளிசை போட்டால் உடனே சாப்பிட வேண்டுமென்று டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குளிசையை அவள் நேரம் தவறாமல் போட்டாள். சாப்பாடு மட்டும், புருஷன் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான். அவளுடைய தாய் அப்படித்தான், தாயின் தாயும் அப்படித்தான். அவளை அப்படி இருக்கச் சொல்லி யோகநாதன் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிட்டீரோ என்று ஒருநாளும் கேட்டதுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை குஞ்சின் மா முடிந்துவிட்டது. பாமன்கடையிலுள்ள குருவிக் கடைக்கு ஓடினார். முதலாளி ரிம்ஸான் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். கடை வாசலில் வெயிலில் நின்றபோது போன் அடித்தது.

"எங்க நிக்கிறியள்? நான் குளிசை போட்டிட்டனப்பா."

"வாறன், வாறன். மா வாங்காமல் வரேலாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கடை திறந்து, மா வாங்கி, வீதி நெரிசலில் ஓட்டோவுக்குள் தவித்து வீடு வந்து சேர்ந்தவர், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் குஞ்சிடம் ஓடினார். "நேசம், சுடுதண்ணி கொண்டு வாரும்!" சத்தமில்லை. "இந்த மனுசிக்கு வரவரக் காதும் கேக்கிறேல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு, போத்தலில் கிடந்த தண்ணியிலேயே மாவைக் கரைத்து, சூடு பார்த்து, குஞ்சுக்கு வயிறு நிறைய ஊட்டினார். அதன் பிறகுதான் தன் வயிறு ஞாபகம் வந்தது. சோறு கேட்கக் குசினிக்குள் போனார்.

நேசமலர் அலுமாரியோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. கண் எங்கேயோ பார்த்தது.

"பஸ் போயிட்டுதோ?" என்றாள் சம்பந்தமில்லாமல்.

"ஐயோ முருகா!" அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விழுந்தடித்துப் போய் எதிர்க் கதவைத் தட்டினார். ஜவாஹிறா வந்து நேசமலரின் நெற்றியைத் தொட்டதுமே விளங்கிக்கொண்டாள்.

"சீனி எறங்கி ஈக்கிது. எங்க உம்மாக்கும் இப்பிடித்தான் வாற. ஆன்டி டெப்லட் குடிச்சாங்களா?"

"ஓம், போட்டவ."

"சாப்பிட்டாங்களா?"

யோகநாதன் மேசையைப் பார்த்தார். அவருடைய சோற்றுக் கோப்பை மட்டும் மூடியபடி இருந்தது. பானையில் மிச்சச் சோறு அப்படியே கிடந்தது. "தெரியாது பிள்ளை" என்றார்.

"சீனி எங்க ஈக்கிது? கெதியா எடுங்க அங்கிள்!"

ஒரு பேணியைத் திறந்தார், பருப்பு. அடுத்தது அரிசிமா. அதற்கடுத்தது மிளகாய்த்தூள். தன் வீட்டுக் குசினியில் சீனி எந்தப் பேணிக்குள் இருக்கிறதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஜவாஹிறா அதற்குள் தன் வீட்டுக்கு ஓடிப்போய், ஒரு கோப்பையில் சீனி கரைத்துக் கொண்டுவந்துவிட்டாள்.

"முழுங்க ஏலுமா ஆன்டி? அங்கிள், கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க."

யோகநாதன் நிலத்தில் இருந்து, மனைவியின் தலையைத் தோளில் சாய்த்தார். கரண்டியில் எடுத்த சீனித்தண்ணியில் ஒரு துளியைப் பழக்கதோஷத்தில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். பிறகு ஊட்டினார். அவள் விழுங்கினாள். இன்னொரு கரண்டி ஊட்டினார். அவருடைய கண் அவளுடைய முகத்தைவிட்டு விலகவில்லை. கோப்பை முடியும் தறுவாயில் நடுக்கம் அடங்கி, பார்வை தெளிந்தது. புருஷனைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"சாப்பிட்டியளோ?"

யோகநாதன் விம்மி விம்மி அழுதார். பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிய நாளில்கூட அழாத மனிதர், எதிர்வீட்டுப் பிள்ளை பார்க்கிறதே என்ற வெட்கமுமில்லாமல் அழுதார்.

ஜவாஹிறாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடவில்லை. "கோவிக்காதீங்க அங்கிள். குருவிக்கு அலாரம் வெச்சீங்க. ஆன்டிக்கு யாரு வெச்ச?"

பின்னேரம் யோகநாதன் நேசமலரை டொக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே வாங்கிய ஏச்சையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்தநாள் மத்தியானம் நேசமலர் வழக்கம்போல அவருக்குச் சோறு போட வந்தாள். யோகநாதன் அகப்பையை வாங்கிக்கொண்டு அவளைக் கதிரையில் இருத்தினார். சோறு கோப்பைக்கு வெளியிலும் கொட்டியது, சொதி மேசையில் வழிந்தது. முதல் கோப்பையை அவள் முன்னே வைத்துவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"என்னப்பா இது புதுப் பழக்கம்?"

"நேசம், இவ்வளவு காலமும் ஆக்கிப் போட்டதுக்கு மெத்தப் பெரிய உபகாரம்" என்றார்.

"அட கடவுளே! அன்னதான மடத்தில சாப்பிட்ட ஆள் மாதிரிக் கதைக்கிறியள்" என்று அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. குனிந்து சோற்றைப் பிசைந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் வாய்க்குச் சூடான சோறு போனது.

அந்நேரம் பார்த்துக் குஞ்சின் அலாரம் அடித்தது. "ஐயோ, குஞ்சு பாவம்" என்று அவள் எழும்பப் போனாள்.

யோகநாதன் அவளுடைய கையைப் பிடித்து இருத்தினார். "இரும். அது கொஞ்சம் பொறுக்கும். நீர் கையில எடுத்த சோத்தை முதல்ல சாப்பிடும். அந்தச் சேவல் தன்ர மனுசிக்குத் தீத்தினதை நான் கண்ணால பாத்துக் கைதட்டினனான். என்ர மனுசி பசியோட நிண்டதை மட்டும் பாக்கேல்லை. சமைச்சவள் சாப்பிட்டாளோ எண்டு கேளாமல் கோப்பைக்கு முன்னால இருக்கிறவன், ஊருக்கே அன்னதானம் குடுத்தாலும் அந்தக் குருவிக்குக் கீழதான் நேசம்."