இடது கைச் சுற்று

"அந்த மீட்டர நீங்க பண்ணலன்னு சொல்லுங்க சித்தப்பா."

ஜோதிகா கத்திச் சொல்லவில்லை. ஆனால் அழுகை ஓய்ந்து எல்லோரும் காப்பிக்காகக் காத்திருந்த நேரம் அது. பந்தலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் அம்மா கங்கையம்மாள் படுத்திருந்தாள். தலைமாட்டில் சித்தப்பா லோகேஸ்வரன் நின்றார். அவருக்கு எதிரில், மாலையைப் போட்டுவிட்டுக் கூப்பிய கையை இன்னும் இறக்காமல் நின்றவர் சின்னக் காஞ்சிபுரத்து ஆராவமுதன்.

அவர் வந்தது துக்கம் கேட்க அல்ல. யாரும் போனை எடுக்கவில்லையே என்று கார் விஷயமாகத்தான் வந்தார். ஏனாத்தூர் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பியதும் பந்தலைப் பார்த்து, காரை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப நடந்துபோய் மாலை வாங்கி வந்திருந்தார். காரைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பாதான், இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டுவைத்தார். ஓட்டத்துக்கு ஒன்றும் குறைவில்லை, மீட்டர் முள்தான் இன்னும் படுத்தே கிடக்கிறது, அதற்கு இப்போது என்ன அவசரம் என்று அவர் கூச்சத்தோடு சொன்னார்.

"நான் பண்ண வேலையாச்சே சார். காரியம் முடியட்டும், நானே வூட்டாண்ட வந்து பாத்துடறேன்" என்றார் சித்தப்பா.

அதற்குத்தான் ஜோதிகா அப்படிக் கேட்டாள். எதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தாளோ, அதை.

கடைப் பலகையில் 'லோகு எலக்ட்ரிகல்ஸ்' என்றிருக்கும். கருகிப்போன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றித் தரும் கடை. சித்தப்பா முன்னால் நிற்பார். ரைஸ் மில்காரனிடம் பேசுவது, கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கி வருவது, திரும்ப மாட்டி ஓட்டிக் காட்டுவது எல்லாம் அவர். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்து சுற்றுவாள். அப்பா செத்துப்போன நாளிலிருந்து அந்தக் கடையில் வேறு யாரும் ஒரு சுற்றுகூடச் சுற்றியதில்லை. வாடிக்கையாளர்களுக்கு அது தெரியாது.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஜோதிகா சண்டை போட்டாள். நீ சுற்றியது என்று ஏன் சொல்வதில்லை, அவரைச் சொல்லச் சொல் என்று குதித்தாள்.

"அத மட்டும் கேக்காத. பொம்பள சுத்துனதுன்னு தெரிஞ்சிச்சின்னு வையி, கரண்டு ஏறி எரியறது, தண்ணி இல்லாம எரியறது எல்லாத்தையும் எந்தலைல கட்டிடுவானுங்க. உங்க சித்தப்பன் பேருன்னா, கரண்டு சரியில்லன்னு போயிடுவான்."

இதை அடக்கமாகச் சொல்கிறவள் இல்லை கங்கையம்மாள். தடுப்புக்குப் பின்னால் ஊமை. வீட்டுக்கு வந்துவிட்டால் வாய் மூடாது. இந்தக் காஞ்சிபுரத்தில் என்னைப்போல் சுற்ற எவன் இருக்கிறான் என்று சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கேட்பாள். பதில் சொல்லாவிட்டால் இரண்டாவது கரண்டி குழம்பு கிடைக்காது.

ஆராவமுதனின் கார் அவள் கைக்கு வந்தது மழைக்காலத்தில். அவருடைய பெரியப்பா கப்பலில் கொண்டுவந்த எம்.ஜி. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடிக்கலாம், கொள்ளை அழகு. ஈரக் காற்றுப் பட்டால் கிளம்பாமல் அடம் பிடித்தது. தீப்பொறி கொடுக்கிற பழைய பாயின்ட் செட்டைக் கழற்றிவிட்டு ஆராவமுதன் எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினார். வண்டி சாவியைத் தொட்டதும் கிளம்பியது. ஆனால் என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டர் அன்றோடு செத்தது. சென்னையில் கேட்டால், உள்ளே இருப்பதையெல்லாம் எறிந்துவிட்டுப் புது சர்க்யூட் வைக்கலாம், முகம் மட்டும் பழையதாக இருக்கட்டும் என்றார்கள். எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்த ஜோதிகாவும் அதையேதான் சொன்னாள்.

"அப்ப அது இன்னா மீட்டரு? பொணத்துக்குப் பவுடர் அடிச்சா மாதிரி" என்றாள் அம்மா.

அதன்பிறகு இருவருக்கும் அந்த மீட்டர்தான் சோறு தண்ணீர். போனில் கிடைத்த பழைய வரைபடங்களை ஜோதிகா படித்துச் சொல்வாள். இக்னிஷனுக்குப் போகிற கம்பி மீட்டரின் முதுகில் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போகிறது. அதில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிக்கிற துடிப்பை எண்ணித்தான் முள் நகர்கிறது. பாயின்ட் செட்டின் துடிப்பு முரட்டுத்தனமானது. புது இக்னிஷனின் துடிப்பு வேறு தினுசு. கிழட்டு மீட்டருக்கு அது காதில் விழவில்லை.

"காது கேக்கலன்னா ரெண்டு தரம் சொல்லணும்" என்று அம்மா வளையத்துக்கு மேல் இன்னொரு சுற்றுப் போட்டாள். முள் வெறி பிடித்ததுபோல் குதித்தது. பிரித்தாள். வேறு கம்பி போட்டதில் புகை வந்தது. கம்பி செய்தவன் பரம்பரையையே வைதாள். தூங்கி எழுந்து மறுபடி பிரித்தாள். கடைக்குள் நின்ற காரில், ஒயர்களோடு வெளியே தொங்கிய மீட்டரில், ஒரு மத்தியானம் முள் தானாக எழுந்தது. ஜோதிகா ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மேலே போனது, விட விடக் கீழே வந்தது. பட்டமளிப்பு விழாவில்கூட ஜோதிகாவுக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை. நம்மால் முடியாது என்று கல்லூரியில் படித்த கணக்கை வைத்து அவள் சொன்னதை, அம்மா வெறும் கையாலும் வாயாலும் முடித்திருந்தாள்.

மறுநாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து இன்று காலை ஆம்புலன்ஸில் வந்தாள். நடுவில், தொங்கிய மீட்டரை டேஷ்போர்டுக்குள் வைத்து மூடியது சித்தப்பா. ஆராவமுதன் வெளியூர் போயிருந்ததால் காரை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டதும் அவரே. ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அவசரத்தில் முள்ளை அவர் பார்க்கவில்லை.

ஜோதிகா அப்படிக் கேட்டதும் பந்தலில் சங்கரி அத்தை எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சித்தப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார்.

"வளையம் தலகீழா இருந்திச்சிமா. ஒடம்பு முடியாம அண்ணி மாத்திச் சுத்திட்டாங்கன்னு நெனச்சிக்கினு நாந்தான் திருப்பி வெச்சேன்."

ஜோதிகாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு இடது கை. சாப்பிட மட்டும் அடி வாங்கி வலது கையைப் பழகியவள். கம்பி என்றால் இடதுதான். எல்லோரும் வலமாகப் போடுவதை அவள் இடமாகப் போடுவாள். மின்சாரம் எந்தப் பக்கமாக வளையத்துக்குள் நுழைகிறது என்பதுதான் அந்த மீட்டருக்கு எல்லாம். திருத்தியதாக நினைத்து அவர் கெடுத்திருந்தார்.

"சாவி குடுங்க சார்."

ஆராவமுதன் கொடுத்துவிட்டார். அவள் தெருமுனைக்கு நடந்தாள். காரின் கதவைத் திறந்து, தரையில் மல்லாந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தாள். கையாலேயே கழலும் இரண்டு சின்ன மரைகள். வளையத்தைக் கழற்றி, திருப்பி, மாட்டினாள். எழுந்து உட்கார்ந்து சாவியைத் திருகினாள். என்ஜின் உறுமியதும், வைக்கோல் தீயில் மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முள் எழுந்தது. அவள் மிதித்தாள், போனது. விட்டாள், வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

ஆராவமுதன் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பின்னால் வந்து நின்ற சித்தப்பாவிடம் திரும்பினார்.

"லோகு, எங்க பெரியப்பா கையில இருந்தப்போ இப்படித்தான் ஏறும். கொழந்தைக்கு நன்னா கத்துக் குடுத்திருக்கே."

சித்தப்பா வாயைத் திறந்தார். "எங்க அண்ணி..." என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ஆராவமுதன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இது எங்கம்மா சுத்துனது சார்" என்றாள் ஜோதிகா.

அவர் அவளை மிகவும் கனிவோடு பார்த்தார். தாயைப் பறிகொடுத்த பெண் எதையும் சொல்லும் என்கிற கனிவு. "பகவான் தைரியத்தைக் குடுக்கட்டும்மா" என்றார். அவள் இறங்கியதும் காரைப் பின்னாலேயே எடுத்து, ரோட்டில் திரும்பிப் போனார்.

அவள் திரும்பி வந்தபோது பந்தல் காலில் இரண்டு பேர் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் சிநேகிதர்கள் சொந்தச் செலவில் அடித்துக் கொண்டுவந்தது. 'லோகு எலக்ட்ரிகல்ஸ் உரிமையாளர் திரு. லோகேஸ்வரன் அவர்களின் அண்ணியார்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, சின்னதாக, கங்கையம்மாள். படம் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. கழுத்துக்கு மேல் மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஜோதிகா படித்தாள். போனை எடுத்துப் படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றில் நிறுத்தினாள். தடுப்புக்குப் பின்னால் அம்மாவை எடுத்தது. இடது கை நிறையச் செம்புக் கம்பி. யாரையோ வாய் திறந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட, பொணத்த வாசல்ல வெச்சிக்கினு?" என்றாள் சங்கரி அத்தை.

"ஃப்ளெக்ஸ் கடைக்கு."

அத்தை சித்தப்பாவைப் பார்த்தாள். பந்தலே அவரைப் பார்த்தது. அவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அதன் நடுவில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"செருப்புப் போட்டுக்கினு போமா" என்றார். "ரோடு காயுது."

அவள் போட்டுக்கொண்டு நடந்தாள். மேளக்காரர்களில் மூத்தவர், வழியில் எரிந்துகொண்டிருந்த வைக்கோலைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டார்.