தொடக்கூடாத கூரை

மூன்று மழைக்காலமாக ரேவதியின் குடிசை ஒழுகியது. சரிசெய்யத் தெரியாமல் இல்லை. தொடாதே என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

திருப்புலிவனம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு இருளர் குடிசைகள். எல்லோருக்கும் அரசாங்கம் கல்வீடு கட்டித் தரப்போகிறது என்று முதலில் வந்து சொன்னவர் இருளர் சங்கத்து சாம்சன். நல்ல மனுஷன்தான், பொய் சொல்கிறவர் இல்லை. "ஆபீசர் பாக்க வரும்போது கூரை பிஞ்சி இருக்கணும். புதுசா கீத்து போட்டீங்கன்னா, இவங்களுக்கு அவசரமில்லன்னு தள்ளிடுவாங்க" என்றார். அன்றிலிருந்து அத்தனை குடும்பமும் தன் தன் ஓட்டையைக் காவல் காத்தது. கண்ணெதிரே நனைந்து காட்டினால்தான் நம்புவேன் என்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

இந்த ஐப்பசியில் ரேவதியின் மடியில் கைக்குழந்தை இருந்தது. சளி கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டு, "ஈரம் படாம வச்சிக்கோ" என்றாள். குடிசைக்குள் காய்ந்த இடம் முறத்தளவுகூட இல்லை.

அன்று மத்தியானமே ரேவதி தான் வேலை செய்யும் கோபாலின் தென்னந்தோப்புக்குப் போய், கூலிக்குப் பதிலாகக் கீற்று கேட்டு வாங்கிச் சுமந்து வந்தாள். மரம் வெட்டப் போயிருந்த புருஷன் பிரவீன் திரும்பி வந்து பார்த்துப் பதறினான்.

"இன்னா பண்ணிக்கினு கீற? வர்ற வூட்ட நீயே கெடுத்துடுவ போல கீதே."

"வூடு வந்தா வேணாம்னா சொல்லப்போறேன்? மழ வந்துக்கினு கீது, அதுக்கு இன்னா சொல்ற?"

"இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சிக்கினு இருக்கலாம்."

"உனக்குப் பல்லு கீது. உம்புள்ளைக்கு இன்னும் மொளைக்கவே இல்ல."

அவன் கீற்றைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறினான். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து கூரையை வேய்ந்து முடித்தார்கள். மறுநாள் குழந்தைக்கு இழுப்பு குறைந்து, பால் குடித்தது.

வேளையைப் பாருங்கள், மூன்று வருடம் வராத ஆபீசர் அந்த வாரமே ஜீப்பில் வந்து இறங்கினார். ரேவதியின் குடிசையை அண்ணாந்து பார்த்தார். "இது நல்லாத்தானே இருக்கு. அப்புறம் பாக்கலாம்" என்று பக்கத்துக் குடிசைக்குத் திரும்பினார். கூட வந்த சாம்சன் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரவீனுக்கு என்ன ஆனதோ, விறுவிறுவென்று கூரைமேல் ஏறிக் கீற்றைப் பிய்த்து எறிய ஆரம்பித்தான். "இப்பப் பாருங்க சார். ஒழுவும் சார், நல்லா ஒழுவும்."

ரேவதி கூரையடிக்கு ஓடிவந்தாள். தன் கூரையைத் தானே பிய்த்துக் காட்டிக் கெஞ்ச வேண்டிய இடத்தில் ஒரு உழைப்பாளியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே.

"நிறுத்துயா. கீழ புள்ள தூங்குது" என்றாள். பிறகு ஆபீசரிடம் வந்தாள். "கூரையப் போட்டது நான்தான் சார். எனக்கு வூடும் வேணும், அது வர்ற வரைக்கும் எம்புள்ள நனையாமலும் இருக்கணும். ரெண்டும் கேக்கக் கூடாதா? பசிக்குதுன்னு வர்றவனப் பாத்து, நேத்து துன்னியேன்னு கேப்பீங்களா?"

"ரூல்ஸ் அப்படிம்மா."

"அப்ப அந்த ரூல்ச எழுதனவர ஒரு மழைக்கு இங்க வந்து படுக்கச் சொல்லுங்க."

ஆபீசர் பக்கத்துக் குடிசையைப் போட்டோ எடுத்து, "இது முதல்ல வரும்" என்று சாம்சனிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். ரேவதியின் பெயர் இருக்கிறதா, அடித்துவிட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

கீழே கிடந்த கீற்றை எடுத்து அவள் மேலே நீட்டினாள். பிரவீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் கட்டினான்.

பக்கத்துக் குடிசை முனியம்மாளுடையது. முதலில் வரும் என்று சொல்லக் கேட்டவள் அவள்தான். தன் கூரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ரேவதியிடம் வந்தாள்.

"உங்கிட்ட கீத்து மிச்சம் கீதா?"