எண்பத்து நான்கு கூடுகள்

நான் கோபக்காரி. இந்த வேலைக்கு அது ஆகாது என்று டாக்டர் கோதண்டராமன் மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்து, மேசையைத் துடைத்து உட்கார்ந்தால், “ஏதோ ஒரு நம்பர் நீயே போட்டுக்கோம்மா கீதாஞ்சலி” என்கிறவர்களிடம் வேறு எப்படிப் பேசுவதாம்?

நாள்பட்ட கழுத்து வலிக்கு ஒரு புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆய்வு எங்களுடையது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு. இரண்டும் ஒரே நிறக் கேப்சூல், ஒரே மாதிரி டப்பா. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு நடுவில் புகுந்து முடிவை மாற்றிவிடும். இதையெல்லாம் விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். பன்னிரண்டு வாரம், தினம் ஒன்று, சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு. வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஊரே தடுமாறும்.

குசுமாவதி அம்மா தடுமாறவில்லை. முதல் நாளே “எட்டு” என்றார். தேரடி வீதிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் சீவகன் நயினாரின் மனைவி. சமணக் குடும்பம். பருப்போடு ஒரு வண்டுகூட வெந்துவிடக் கூடாது என்று, வீட்டுக்கும் கடைக்குமாக முப்பத்தைந்து வருஷம் முறத்தின் மேல் குனிந்து, ஒவ்வொரு பூச்சியாகப் பொறுக்கி உயிரோடு வெளியே விட்டவர். பூச்சிகள் பிழைத்துக்கொண்டன, கழுத்துதான் போய்விட்டது.

நான்காவது வாரம் போனில் கேட்டபோது ஆறு என்றார். எட்டாவது வாரம் நான்கு. இந்த அம்மாவுக்கு மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்கக் கூடாது என்பது விதி. நினைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசி நாள் இருவரும் வந்தார்கள். கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க டாக்டர் அம்மாவை உள்ளே அழைத்துக்கொண்டார். சீவகன் ஐயா என் மேசை முன்னால் உட்கார்ந்து டப்பாவை நீட்டினார். தொண்ணூறு கேப்சூல் கொடுத்திருந்தோம். எண்பத்து நான்கு நாள் போக ஆறு மீதி இருந்தது. சரியாக இருந்தது. இப்படி ஒழுங்காகத் திருப்பித் தருகிறவர்கள் குறைவு என்று மெச்சப் போனேன். அதற்குள் அவர் பையிலிருந்து நூல் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். மளிகைக் கடைப் பொட்டலம்தான். மேலே பென்சிலால், ‘குசுமாவதி, கூடு, 84’ என்று எழுதியிருந்தது.

பிரித்தேன். உள்ளே காலிக் கேப்சூல் கூடுகள். ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரித்து, திரும்ப ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தது.

“என்னங்க ஐயா இது?”

“வாயில போடாதது எல்லாத்தையும் திருப்பிக் கொடுக்கணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

“கூட்ட ஏன் உடைச்சீங்க?”

“மாட்டுத் தோலு, எலும்பெல்லாம் காய்ச்சித்தான் இந்தக் கூடு செய்யறாங்களாம். மெடிக்கல் ஷாப் மாறன் சொன்னான். அத நாங்க எப்படிம்மா சாப்பிடறது? வேணாம்னு வந்துடலாம்னா, கையெழுத்து போட்டு வாக்கு கொடுத்தாச்சு. அதான் உள்ள இருக்கறத மட்டும் வெல்லத்துல உருட்டிக் கொடுத்தேன்.”

ஒன்பது பக்கம் ஒப்புதல் படிவம் அச்சடித்தோமே, கூட்டைப் பற்றி ஒரு வரி எழுதினோமா? சமணர் என்று தெரிந்தும் நானாவது கேட்டேனா? இந்தக் கோபம் என் மேலேயே வந்ததால் யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

“அதுல ஒண்ணு ஆயிப்போச்சு. மொத நாளே எனக்குத் தெரிஞ்சுட்டுது. அது...”

“சொல்லாதீங்க!” என்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

“...மக்காச்சோள மாவு,” என்று சொல்லி முடித்துவிட்டார். “நாப்பது வருஷமா மாவு விக்கறேம்மா. விரல்ல பட்டாலே தெரியும்.”

அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஆறு வருஷமா செவுத்தப் பாத்துதான் படுப்பா. அந்தப் பக்கம்தான் கழுத்து ஒத்துக்கும். போன மாசம் ஒரு நாள் என் பக்கம் திரும்பிப் படுத்தாம்மா. ஆறு வருஷம் கழிச்சு அவ மூஞ்சியப் பாத்துனே தூங்கறேன். வெறும் மாவுன்னு தெரிஞ்சா திரும்பவும் செவுத்துப் பக்கம் போயிடுவா.”

அவர் மேசையைப் பார்த்தபடி இன்னொன்று கேட்டார். “இன்னியோட டப்பா முடிஞ்சுது. நாளைலருந்து என் கடை மாவையே கொடுக்கலாம்னு பாக்கறேன். ஆனா அது பொய்யாயிடும் இல்ல? இதுவரைக்கும் அவ கேக்கல, நான் சொல்லல. இனிமே நானா கொடுத்தா அது பொய்தானே?”

பொய் சொல்வதில்லை என்ற விரதத்தை உயிராக மதிக்கிற மனிதர். டாக்டர் அறைக் கதவு திறந்தது. “வெளிய உக்காருங்க ஐயா, அம்மாகிட்ட கடைசிக் கேள்வி தனியா கேக்கணும்,” என்று அவரை அனுப்பிவைத்தேன்.

குசுமாவதி அம்மா உட்கார்ந்தார். இன்று வலி மூன்று என்றார். எழுதிக்கொண்டேன். படிவத்தின் கடைசிக் கேள்வியை வாசித்தேன். “நீங்க சாப்பிட்டது மருந்தா, மருந்தில்லாததா? எதுன்னு நெனைக்கறீங்க?”

“மாவுதாம்மா,” என்றார், யோசிக்கக்கூட இல்லை. “மக்காச்சோள மாவு. கடைக்கு அதச் சலிச்சுக் கொடுக்கறதே நான்தான். எவ்ளோ வெல்லம் போட்டா என்ன, நாக்குக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா வலி கம்மியாச்சு?”

அவர் சேலைத் தலைப்பை நீவி மடியில் விட்டுக்கொண்டார்.

“நாங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடணும். கல்யாணம் ஆனதுலருந்து அவரு கடையிலயே டிபன் பாக்ஸத் தொறந்து சாப்பிடுவாரு. நான் வீட்ல தனியா. சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரைன்னு சொன்னீங்களா, அந்தக் கூட்டப் பிரிக்க எனக்குக் கை வரல. அவரே ஷட்டர எறக்கிட்டு அஞ்சு மணிக்கு வந்தாரு. கூட உக்காந்து சாப்பிட்டாரு. உருட்டிக் கையில கொடுத்துட்டு, இன்னிக்கு எவ்ளோன்னு கேட்டாரு. மொத நாள் எட்டுதான். ஆனா எம்மூஞ்சியவே பாத்துனு இருந்தாரு. மனசு வரல, ஏழுன்னு சொல்லிட்டேன். அப்புறம் ஒரு நாள் நெஜமாவே ஏழாச்சு. என்னிக்குன்னு எனக்கே தெரியல.”

இதையும் எழுதப் பேனாவை எடுத்தேன்.

“அவருகிட்ட சொல்லிடாதீங்கம்மா,” என்றார். “மாவுன்னு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அப்புறம் எதுக்கு வரணும்னு கடையிலயே இருந்துடுவாரு.”

எனக்கு வந்ததே கோபம்! முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்துவிட்டு, ஆளுக்கொரு ரகசியத்தை என் தலையில் கட்டுகிறார்கள். நடந்ததையெல்லாம் விதிமீறல் படிவத்தில் ஒன்றுவிடாமல் எழுதினேன். அம்மாவின் கையெழுத்தையும் வாங்கினேன். அம்மா சொன்ன அந்த மூன்று என்ற எண்ணை என்ன செய்வது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். படிவத்தோடு என் வேலை முடிந்தது. ஆனால் நாளை சாயங்காலம் டப்பா இல்லாத வீட்டை நினைத்தால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

“ஐயா, உள்ள வாங்க,” என்று கூப்பிட்டேன். “நாளைக்கு என்ன கொடுக்கறதுன்னு என்கிட்ட கேட்டீங்க இல்ல? அத அம்மாகிட்டயே கேளுங்க.”

சீவகன் ஐயா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியைப் பார்த்தார், என்னை முறைத்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார். கடைசியில் குரல் வந்தது.

“குசுமா, அந்த மாத்திரை முடிஞ்சுபோச்சு. அது... அதுல இருந்தது வெறும் மாவுதான். நம்ம கடையில இருக்கற அதே மாவு. நாளைக்கும் அதையே உருட்டித் தரட்டுமா?”

குசுமாவதி அம்மா அவர் பக்கம் கழுத்தைத் திருப்பினார். முழுசாகத் திரும்பியது.

“மாவு எதுக்குங்க வீணா?” என்றார். “நீங்க அஞ்சு மணிக்கு வந்துடுங்க.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“வந்துடறேன்,” என்றார், துண்டுக்குள்ளிருந்தே.