தொண்ணூற்றேழாம் நாள்

ஊசி குத்தியபோது கொத்துச்சாவிக்கு முதலில் வலி தெரியவில்லை, கோபம்தான் வந்தது. மூன்றாவது மாடி வார்டில் கறுப்புப் பையின் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கறுப்புப் பை என்றால் காகிதம், பழத்தோல், கசக்கிப்போட்ட தேநீர்க் கோப்பை. ஊசிக்கென்று சுவரோரம் மூடி போட்ட தனி டப்பா இருக்கிறது. அத்தனை தூரம் கையை நீட்ட எந்த மகராசிக்குச் சோம்பலோ, இதிலேயே எறிந்துவிட்டுப் போயிருந்தாள். கையுறையை உருவினாள். வலது கட்டைவிரலில் கடுகளவு ரத்தம். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதரை.

குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. யாரைக் குத்திய ஊசி என்று தெரியாவிட்டால் உடனே படிவம் எழுதி, எய்ட்ஸ் தொற்றாமலிருக்க மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று நாள்தான் கெடு, அதற்குப் பிறகு விழுங்கினாலும் ஒன்றுதான், விழுங்காவிட்டாலும் ஒன்றுதான். நர்ஸ் மூன்று விரலைத் தூக்கிக் காட்டியது அவளுக்கு அப்படியே கண்ணில் நின்றது. தலையைத் திருப்பினாள். வார்டு வாசலில் மாப்பைப் பிடித்தபடி, கூட வேலை செய்யும் ‘வழுக்கி’ நின்றுகொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

வழுக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பேரல்ல, கொத்துச்சாவி வைத்தது. ஸ்டோர் ரூம் சாவியெல்லாம் இடுப்பில் தொங்குவதால் இவளுக்குக் கொத்துச்சாவி என்று பேர். ஒன்பது பேர் குழுவில் சாவி வைத்திருப்பவள் சொல்வதுதான் சட்டம். தரைத்தளத்தில் லிஃப்ட் பக்கம் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. தினமும் காலை ஏழு மணிக்கு எண் அட்டையை மாற்றி மாட்டுவதும் அவள்தான். நூறு வந்துவிட்டால் ஒன்பது பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. யாராவது ஒருத்தி ஒரு படிவம் எழுதினால் போதும், பலகை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடிபடாமல் இருப்பதற்காக வைத்த பலகை, அடிபட்டதைச் சொல்லாமல் இருக்கப் பழக்கிவிட்டது. வாளி விழுந்து நகம் பெயர்ந்தவளும், ஆசிட் பட்டுக் கை வெந்தவளும் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் கூட்டு முயற்சி என்று பேர் வேறு.

போன தடவை அறுபத்தொன்று வரை வந்தது. அன்றைக்குத்தான் வழுக்கி படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, போய்ப் படிவமும் எழுதினாள். அவள் வழுக்கியது கொத்துச்சாவியின் வாளியிலிருந்து சிந்திய தண்ணீரில். இரண்டு படி மேலே நின்றுகொண்டிருந்தவளும் அவளேதான். சாட்சிக் கையெழுத்துக்கு வந்தபோது, "நான் பாக்கலையே" என்று சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் மறைக்க ஏழு பேர் கூட நிற்கும்போது பூசணிக்காய் எம்மாத்திரம்! கட்டோடு திரும்பி வந்தவளைப் பார்த்து, "வாம்மா வழுக்கி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு மாடி மாடியாகக் கழிப்பறைதான், சாப்பாடு படிக்கட்டில்தான். மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டதால் மாப்பை இடது கையால்தான் பிழிகிறாள்.

இன்றைக்குப் பலகையில் தொண்ணூற்றேழு.

விஷயத்தைக் கொத்துச்சாவி முதலில் சொன்னது தன் நாத்தனாரிடம். இரண்டாவது மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கீழே போட்டுவிட்டு அண்ணியின் கையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் யாருக்காகக் கலங்கியது என்பது அடுத்த பேச்சிலேயே தெரிந்தது.

"அண்ணி, பத்து மாசமாச்சு நான் எம் பொண்ணப் பாத்து. ஹாஸ்டல்ல ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் உள்ள விடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

அரை மணியில் செய்தி எல்லாருக்கும் எட்டிவிட்டது. வாளிகள் வைக்கிற அறையில் கூடினார்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் கொடுமை. ஒருத்தி அவளை உட்காரச் சொன்னாள், ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி விரலில் மஞ்சள் நிற மருந்தைத் தடவி ஊதிவிட்டாள்.

"வெண்ணெய் திரண்டு வரப்போ தாழிய ஒடச்சிடாதம்மா" என்றாள் மூத்தவள். "மூணு நாள்தான. நூறாவது நாள் மேனேஜர் கையால லெட்டர் வாங்கிட்டா அப்புறம் யாரும் அதத் திருப்பிக் கேக்க முடியாது. வாங்கின நிமிஷமே நீ ஓடிப்போய் மருந்து வாங்கிக்க. நாங்களே தூக்கிட்டுப் போறோம்."

"வழுக்கிக்கு நீதான சொன்ன, ஒருத்தி வலியப் பொறுத்துக்கிட்டா ஒம்போது பேரு நல்லாருப்போம்னு?" என்றாள் இன்னொருத்தி. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்தினாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கொத்துச்சாவிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் தலையை ஆட்டினாள். இந்த அறையை இப்படிப் பழக்கியவள் அவள்தானே, இதில் அவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

மத்தியானம் சூப்பர்வைசர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். பின்னால் வழுக்கி. படிவத்தை எழுதிக் கொடுத்தவள் அவள்தான். கோணல் மணிக்கட்டால் எழுத வராமல் இடது கையில் கிறுக்கியிருந்தாள்.

"மூணாவது மாடில ஊசி குத்திடுச்சுன்னு இந்தம்மா எழுதியிருக்கு. ஒன்னத்தான். நெசமா?"

சூப்பர்வைசருக்கும் நூறு வேண்டும். அவர் கேட்ட தொனியிலேயே பதிலும் இருந்தது. மற்றவர்கள் கொத்துச்சாவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். நாத்தனார் மட்டும் அவளைப் பார்த்தாள்.

"இல்லையே சார்" என்றாள் கொத்துச்சாவி. கை தானாகவே சேலை மடிப்புக்குள் போயிற்று.

"கையப் பாருங்க சார், கட்டைவெரல்" என்றாள் வழுக்கி.

சூப்பர்வைசர் பார்க்கவில்லை. "அவங்களே இல்லங்குறாங்க. கூட வேலை செய்றவங்க மேல பொய்யா எழுதிக் குடுக்குற ஆளு நமக்கு வேணாம். நாளைலேருந்து வராத."

மூத்தவள், "வயித்தெரிச்சல் சார், வேறென்ன" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். கொத்துச்சாவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு அழுதாள், ஆனால் அந்த நேரத்தில் எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தாள்.

வழுக்கி சண்டை போடவில்லை. சீருடையை மடித்து ஸ்டோர் ரூமில் ஒப்படைக்க வந்தாள். அலமாரியைத் திறக்க வேண்டியவள் கொத்துச்சாவி. ஆணியில் மாட்டியிருந்த மாப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்குடி எழுதின? ஒன்ன நான் எவ்வளவு படுத்திருக்கேன்" என்றாள் கொத்துச்சாவி.

"ஒங்களுக்காகன்னு நெனச்சீங்களாக்கா? பாத்தேன், எழுதுனேன். பாத்தவங்க எழுதணும், அவ்வளவுதான்." ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த இன்னொரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "அது போயிடுச்சு. இது இன்னொண்ணு. நேரமெல்லாம் போட்டிருக்கேன், சாட்சிக் கையெழுத்தும் போட்டிருக்கேன். ஒங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. அப்புறம், என் பேரு வழுக்கி இல்லக்கா."

என்ன பேர் என்று கேட்பதற்குள் போய்விட்டாள். வழுக்கி என்றே கூப்பிட்டுப் பழகியதில், பக்கத்தில் நின்று வேலை செய்தவளின் பேர் மறந்துபோய், படிவத்தைப் பிரித்துக் கையெழுத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை. கொத்துச்சாவி பிரிக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் கேட்டுப் பார்த்தாள். டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, "அந்த மருந்து எங்கிட்ட கிடையாதும்மா. எங்க குத்துச்சோ அங்கயே வெச்சிருப்பாங்க, இப்பவே போங்க" என்றார். இப்பவே என்பதை இரண்டு தடவை சொன்னார். அவள் வீட்டுக்குப் போனாள். மறுநாள் தொண்ணூற்றெட்டை மாட்டினாள். அதற்கு மறுநாள் தொண்ணூற்றொன்பது. புருஷனிடம் சொல்லவில்லை, சொன்னால் தங்கச்சி மகளைப் பற்றித்தான் அவனும் பேசுவான். மூன்று ராத்திரியும் தனியாகப் பாயைப் போட்டுக்கொண்டாள். மணிகளை மட்டும் எண்ணினாள். மூன்றாம் நாள் ஒன்பதரை வரைக்கும் இருக்கிறது. லெட்டர் ஒன்பது மணிக்கு. அரை மணி நேரம் போதும், மருந்தகம் ஒரு மாடி மேலேதான்.

நூறை மாட்டும்போது கைதட்டினார்கள். ஒன்பது மணிக்கு எட்டுப் பேரும் தலை வாரி, கையுறை மாட்டி, பலகை முன்னால் வரிசையாக நின்றார்கள். மேனேஜர் வரவில்லை. ஒன்பது ஐந்து. ஒன்பது பத்து. சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துட்டே இருக்காங்க" என்றார். கொத்துச்சாவிக்கு இடுப்பில் படிவத்தின் முனை உறுத்தியது. ஒன்பது இருபத்திரண்டுக்கு மேனேஜர் வந்தார், லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டே கூட்டு முயற்சியைப் பற்றிப் பேசினார். ஒன்பது விரல் தனித்தனி, சேர்ந்தால் ஒரே கை என்றார். கணக்கு இடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

"அண்ணி, எங்கயும் போயிடாதீங்க" என்றாள் நாத்தனார் காதோடு. "போட்டோ எடுத்ததும் லெட்டர்."

"மணியப் பாருடி."

"பாத்துட்டேன். இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

"எல்லாரும் கட்டைவெரலத் தூக்குங்க" என்றான் போட்டோகிராபர். ஏழு கட்டைவிரல்கள் உயர்ந்தன. கொத்துச்சாவியின் கை உயரவில்லை. நாத்தனார் அந்த மணிக்கட்டைப் பற்றி, கையுறைக்குள் விரல் சூடாக வீங்கியிருப்பது தெரிந்தும், மெல்லத் தூக்கிப் பிடித்தாள்.

"அந்தக் கடைசி அம்மா சிரிக்கல. இன்னொரு தடவ."

கொத்துச்சாவியின் இடது கை இடுப்பிலிருந்த படிவத்துக்குப் போயிற்று. சாவிக்கொத்து குலுங்கிய சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போட்டோகிராபரின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் பெரிய முள் ஒரு கோடு நகர்ந்தது. நாத்தனாரின் பிடி இன்னும் இறுகியது.