கூடவே வந்த மெருகு

பாண்டி பஜாரில் வாங்கிய புது லேப்டாப்பை அன்புச்செல்வி திறந்தபோது, சாவி வாங்கிய அன்றே வீட்டுக்குள் எவனெவனோ பாய் விரித்துப் படுத்திருந்த மாதிரி இருந்தது. யாரும் கேட்காத சீட்டாட்டம், யாரும் கேட்காத கடன் விளம்பரம், வைரஸ் வந்துவிட்டதென்று சும்மா சும்மா அலறும் ஒரு காவல்காரன். இந்தக் கண்றாவிகளுக்கு நடுவே முகத்தை மெருகேற்றும் செயலி வேறு. கேமரா திறந்தால் அதுவும் திறந்துகொண்டு, அவளுடைய லட்சணமான கறுப்பு முகத்துக்கு வெள்ளையடித்து மூக்கையும் சீவிவிடும்.

நீக்கினாள். அணைத்துப் போட்டதும் வெட்கமில்லாமல் திரும்ப வந்து உட்கார்ந்தது. கடைக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

"கம்பெனிலேர்ந்தே வர்றது மேடம். ஃப்ரீ!" என்றான் கடைக்காரன், தன் சொத்தில் பாதியை எழுதி வைத்தவனைப் போல.

"எனக்கு வேணாங்க."

"கை வெச்சா வாரண்டி பூடும்."

வேலைக்கான கடைசி நேர்காணல் மறுநாள். மற்ற சுற்றுகளை எல்லாம் அடையாறு அலுவலகத்துக்கே போய் முடித்திருந்தாள். இதைக் கம்ப்யூட்டரில்தான் பேச வேண்டும், போன் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை அவளை நேரில் பார்த்திராத விஜயராகவன் என்ற புது அதிகாரி அவளுடைய ஆதார் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல இருக்கறது நீங்க இல்லையே?"

"நான்தான் சார். இந்த லேப்டாப்தான் இப்டி காட்டுது."

"ஆள் மாறி உட்கார்றவங்க எல்லாருமே ஒரு கதை வெச்சிருக்காங்கம்மா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சனியன் பிடித்த செயலி கண்ணீரையும் தோலில் உள்ள குறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அவர் பார்த்ததெல்லாம் பளபளவென்று ஒரு பொம்மையை. இணைப்பைத் துண்டித்தார். தேர்விலிருந்து நீக்கிவிட்டதாக மதியமே தகவல் வந்தது.

சாயங்காலம் அம்மா சொர்ணம் வாயெல்லாம் பல்லாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேல போனா போவுது, வுடுடி. நீ பேசிக்கினு இருந்தப்போ டிவி பொட்டில வர்ற பொண்ணு கணக்கா இன்னா ஜோரா இருந்திச்சி உன் மூஞ்சி! கம்ப்யூட்டர்ல தெரிஞ்சத அப்டியே போட்டோ புடிச்சி தரகருக்கு அனுப்சிட்டேன். மாப்ள வூட்ல புடிச்சிபோச்சாம். ஞாயித்துக்கெழம வர்றாங்க."

கடைக்காரனும் அதிகாரியும் எங்கிருந்தோ வந்தவர்கள், தொலையட்டும். இவள் பெற்றவள்.

அன்புச்செல்வி லேப்டாப்பை மூடி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"வர்றவனுக்கு இத்தையே கட்டி குடு."