பக்கம் பக்கமாக வளர்ந்த பிள்ளை

வல்லத்திராக்கோட்டை உண்ணாமலையின் மகள் செவந்தி மாதத்தில் ஒன்றிரண்டு நாள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தாள். மற்ற நாட்களில் அவளுக்கு அவள் வயதுதான். காலையில் பாவாடை கட்டிக்கொண்டு கோழி விரட்டுகிறவள், மதியத்துக்குள் சுருங்கிப் பாவாடைக்குள் தொலைந்து, இரண்டே பல்லோடு எச்சில் ஒழுகத் தவழ்ந்து வெளியே வருவாள். மறுநாள் எழுந்ததும் முந்தின நாள் பாதியில் விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். உண்ணாமலை இரண்டு அளவில் உடுப்புத் தைத்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டு மூக்காயி தன் ஆட்டின் பாலில் ஓர் ஆழாக்கை எந்நாளும் விற்காமல் ஒதுக்கினாள். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரிக்கிற குரலிலேயே, "இன்னைக்கு நடக்குதா, தவழுதா?" என்று ஊரார் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இதை எழுத்தில் பதிந்தவன் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியன் ரெங்கராஜ். பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காகப் புதுக்கோட்டை டவுனில் நடந்த மாலை வகுப்புக்கு வாரம் மூன்று நாள் சைக்கிளில் போய் வந்தான். பாடம் குழந்தை வளர்ச்சி. ஒவ்வொருவரும் ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, அது செய்வதை மட்டும், தாம் நினைப்பதைக் கலக்காமல், நோட்டில் எழுதி வர வேண்டும் என்றார் விரிவுரையாளர். அது 1937. உண்ணாமலையின் கணவன் பெரியகருப்பன் ரங்கூன் அரிசி ஆலைக்குக் கப்பலேறி ஒரு மாதம் ஆகியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத உண்ணாமலைக்கு ரெங்கராஜ்தான் கடிதம் வாசித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுத்தான். போகிற வீட்டில் ஒரு குழந்தையும் இருந்ததால் அதையே தேர்ந்துகொண்டான். அப்போது செவந்திக்கு ஒன்பது மாதம்.

அவளுடைய பதினாலாவது மாதத்தில் ஒரு நாள், நூல் பிடித்து அளந்த உயரம் நான்கு அங்குலம் குறைந்தது. ரெங்கராஜ் முதலில் நூலைச் சந்தேகித்தான். நூலை விட்டு மரக்கோலுக்கு மாறினான். பிறகு கோல் வெயிலில் வளைந்திருக்குமோ என்று சந்தேகித்தான். கடைசியில் தன்னையே சந்தேகித்து டவுனில் கண் பரிசோதித்துக்கொண்டு வந்தான். கண்ணில் குறை இல்லை என்றார்கள். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. தான் அளப்பது மூக்காயிக்குத் தெரியாமலும், அவள் அளப்பது தனக்குத் தெரியாமலும், இருவரும் தனித்தனியே அளக்க ஏற்பாடு செய்தான். மூக்காயிக்கு எண்ணத் தெரியாது. பனைமட்டையில் கீறி வைத்தாள். மாதக் கடைசியில் மட்டையையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கீறல்கள் அங்குலம் தப்பாமல் ஒத்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க அதே மாதம் பிறந்த மூக்காயி மகன் ராசுவையும் அளந்தான். ராசு சாப்பிட்டான், வளர்ந்தான், வேறொன்றும் செய்யவில்லை.

வகுப்பில் இரண்டு கட்சி இருந்தது. குழந்தை தனக்குள்ளேயே படிக்கட்டை வைத்துக்கொண்டு பிறக்கிறது, ஏறிய படியை விட்டு இறங்காது என்பது ஒன்று. சுற்றி இருப்பவர்கள் பிடித்து வைத்தபடி ஆகிறது என்பது மற்றது. ரெங்கராஜ் எழுந்து, ஏறிய குழந்தை இறங்கினால் அது எந்தக் கட்சி என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அளவுகோலைச் சரிபாருங்கள் என்றார் விரிவுரையாளர். இரண்டு ஆண்டு அவன் நோட்டு தேர்வில் திரும்பி வந்தது. பதிந்தவர் நம்பத்தக்கவரல்லர் என்று மேலே எழுதியிருந்தார்கள். அவனுக்கும் அதே ஐயம் இருந்ததால் கோபம் வரவில்லை. மறுபடி பணம் கட்டிச் சேர்ந்தான்.

ஊர் அமாவாசையைக் காரணம் சொன்னது. ரெங்கராஜ் கட்டம் போட்டுப் பார்த்ததில் அமாவாசை பொருந்தவில்லை. தபால் வரும் நாளும் பொருந்தவில்லை. 1940 ஆடியில், உண்ணாமலை தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்த கடிதங்களை அடுக்கித் தரும்போதுதான் ஒவ்வொன்றின் தலைப்பிலும் பெரியகருப்பன் எழுதியிருந்த தேதியைக் கவனித்தான். கடிதம் வந்து சேரப் பதினோரு நாள் ஆகும். செவந்தி தவழ்ந்ததெல்லாம் கடிதம் எழுதப்பட்ட நாளில். முப்பத்தொன்பது கடிதம், முப்பத்தொன்பது நாள். அங்கே ஒருவன் ஆலை வேலை முடிந்து, பேனாவைப் பிடித்து, மகளை நினைத்து மடியில் இருத்திக்கொள்கிறான். அவன் இருத்திக்கொள்வது தான் விட்டுப் போன எட்டு மாதக் குழந்தையை.

அவனுக்கு வேறு குழந்தையைத் தெரியாது. அந்த வீட்டில் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் கண்பட்டுவிடும். கடல் தாண்டும் காகிதத்தில் சொன்னால் வழியில் எத்தனை கண் படுமோ என்று பயந்து, உண்ணாமலை ஒவ்வொரு பதிலிலும் ஒரே வரியைச் சொல்லி எழுத வைத்தாள். 'பிள்ளை நீங்கள் விட்டுப் போனபடியே இருக்கிறாள்.' அந்த வரியை முப்பத்தொன்பது முறை அழகான கையெழுத்தில் எழுதியவன் ரெங்கராஜ். தான் காண்பதை மட்டும் எழுதுகிறவன் என்று அவன் தன்னை நினைத்திருந்தான்.

உண்ணாமலையிடம் சொன்னான். அவள் நம்பினாள்; ஆனால் வரியை மாற்றச் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் தவழ்ந்தால் தவழட்டும் என்றாள். 1941 ஐப்பசியில், ரங்கூனில் சண்டைப் பேச்சு வந்ததும், பெரியகருப்பன் எழுதாத நாளிலும் வீட்டையே நினைக்கத் தொடங்கினான் போலிருக்கிறது. செவந்தி ஐந்து நாள் தவழ்ந்தாள், பிறகு ஒன்பது நாள். கார்த்திகையில் பத்தொன்பது நாள் ஆகியும் எழவில்லை. ஐந்து வயதுப் பாவாடை கொடியில் காய்ந்து விறைத்தது.

மூக்காயி எதையும் மறைத்துப் பேசுகிறவள் இல்லை. "அடி உண்ணாமல, அங்கிட்டு ஒம் புருசனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இது இப்பிடியே நின்னுரும்டி. நீ கெழவியாகிச் சாகயிலயும் இது ஒன் இடுப்புலதான் இருக்கும்."

அன்று சாயங்காலம் உண்ணாமலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தாள்.

"எழுதுங்க வாத்தியாரே. வளந்துருச்சுன்னே எழுதுங்க. கண்ணு பட்டாப் படட்டும். அவுக கண்ணுதானே."

ரெங்கராஜ் பேனாவை எடுத்தான். மகளுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று ஒரு வரி எழுதிப் பார்த்துக் கிழித்தான். எட்டு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்கு ஒரே வரியில் எந்தத் தகப்பனால் தாவ முடியும்? நடுவில் படி வேண்டும். படிகள் முழுவதும் அவன் நோட்டில் இருந்தன, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாசியில் அதைத் தேர்வுக்கு வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் சான்றிதழ் இல்லை, பயிற்சி பெறாதவனாகவே வேலையும் நிலைக்காது. நகல் எடுக்க ஒரு மாதமாவது ஆகும். ரங்கூன் தபால் எந்த வாரமும் நிற்கலாம் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். நோட்டையே துணியில் தைத்து ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தான். சேர்த்தபின், பிழை ஏதும் விட்டிருப்போமோ என்று வாசலிலேயே கால் மணி நேரம் நின்றான்.

மூன்றாம் வாரத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது. தபால் நின்றது. செவந்தி எட்டு மாதத்திலேயே இருந்தாள். மார்கழி முழுவதும் உண்ணாமலை அவளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தாள்.

தை மூன்றாம் தேதி காலையில் குழந்தை ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ரெங்கராஜ் வந்து பார்த்தான். வலது கால் பெருவிரலை மடக்கி, கல்லின் விளிம்பைக் கடித்தபடி நின்றது. முதல் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது அப்படியே.

"படிக்கிறாரு" என்றான்.

பெரியகருப்பன் நான்காம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், வெளிச்சம் வாய்த்தால் இரண்டு. அந்த வேகத்தில் செவந்தி வளர்ந்தாள். கோழியைத் 'தோ' என்றாள், மறுநாள் 'தோழி' என்றாள். மை ஊறிய பக்கத்தில் இரண்டு நாள் தடுமாறினாள். உண்ணாமலை தினமும் பள்ளிக்கூட ஜன்னலில் வந்து நின்று எத்தனாவது பக்கம் என்று மட்டும் கேட்பாள். ரங்கூனில் ஆள் இருந்த வீட்டாரெல்லாம் குன்றாண்டார்கோவிலிலிருந்துகூட வந்து, அவள் வளர்வதைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஆளும் பிழைத்திருப்பான் என்று தேறிப் போனார்கள். ரங்கூனிலிருந்து தப்பியவர்கள் நடந்து வருகிற காட்டு வழியைப் பள்ளிக்கூடத்து நிலப்படத்தில் காட்டச் சொன்னார்கள். பக்கம் தெரியும், இடம் தெரியாது என்றான் ரெங்கராஜ்.

எண்பத்து மூன்றாம் பக்கத்தில் எட்டு நாள் நின்றது. உண்ணாமலை சோற்றைத் தொடவில்லை. ஒன்பதாம் நாள் செவந்தி எண்பத்து நான்குக்குப் போய்ச் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டாள். தொண்ணூற்றேழிலும் நின்றாள், ஆனால் அதற்கு யாரும் கலங்கவில்லை. தபால் உறையைத் தடவி முதல் முதலாக அப்பா என்று சொன்ன பக்கம் அது. நான்கு நாள் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

மாசித் தேர்வில் வெறுங்கையோடு போன ரெங்கராஜைத் திருப்பி அனுப்பினார்கள். வைகாசியில் பள்ளி வேலையும் போனது. மூக்காயி ஆட்டுக்குட்டி மேய்க்க வருகிறீர்களா என்று கேலி செய்தாள். அவன் மேய்க்கவும் செய்தான்.

ஆனி பத்தாம் தேதி நோட்டு முடிந்தது. செவந்தி கடைசிப் பக்கத்தின் ஐந்து வயதில் நின்றாள்.

"இனிமே அவுக இருக்காகளான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டாள் உண்ணாமலை. ரெங்கராஜ் மறுபடி கோலை எடுத்தான். இருபத்து மூன்று நாள் கோலும் மட்டையும் ஒரே இடத்தைக் காட்டின.

இருபத்து நாலாம் நாள் பகலில் கண்மாய்க் கரையில் ஏழெட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரெங்கராஜ் அங்கேதான் ஆடு மேய்த்தான். டவுன் சாலையிலிருந்து தாடியும் எலும்புமாக ஒருவன் வந்து கரை ஓரத்தில் நின்றான். யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. வெகுநேரம் பிள்ளைகளைப் பார்த்தான், பிறகு ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தான். செவந்தி ஓட்டத்தை நிறுத்தி வாயில் விரலை விட்டாள். கீழ்வரிசை முன்பல் கையோடு வந்தது. கூட விளையாடியவர்களை விட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய் அந்த ஆளிடம் காட்டினாள்.

அவன் குனிந்து பல்லைப் பார்த்தான், அவள் வாயைப் பார்த்தான், கடைசியில் ரெங்கராஜைப் பார்த்தான்.

"இது நோட்டுல இல்லையே வாத்தியாரே" என்றான் பெரியகருப்பன்.

"இல்ல" என்றான் ரெங்கராஜ். "இப்பத்தான் விழுந்துச்சு."

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். உண்ணாமலை கணவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் காலைக் கழுவச் சொன்னாள். பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தார்கள். அதற்கப்புறம் செவந்தி ராசுவைப்போலச் சாப்பிட்டாள், வளர்ந்தாள். ஊரில் யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. அந்த வருடம் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, எல்லாரும் அதையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.