இரண்டு பக்கமும் தேய்ந்த ஜாயிண்ட்

அமீரகத்தின் அல் ஐன் நகரில் எங்கள் கராஜுக்கு ஐம்பது வயதான மோட்டார் ஹோம் ஒன்று வந்தது. திரும்பும்போதெல்லாம் முன்சக்கரங்கள் கடகடத்தன. முனியசாமி அண்ணன் முன் ஆக்சில் இரண்டையும் கழற்றி, அவற்றைச் சக்கரத்தோடு இணைக்கும் ஜாயிண்டுகளைப் பிரித்து, கிரீஸைத் துடைத்தார். வண்டி முன்னோக்கியே ஓடுவதால் ஜாயிண்டின் ஒரு பக்கம்தான் தேயும். இடதையும் வலதையும் மாற்றிப் பூட்டினால் மறுபக்கம் சில வருடம் உழைக்கும். இதில் இரண்டு பக்கமும் பள்ளம்.

“எவனோ ஏற்கெனவே மாத்தி மாட்டிருக்கான். புது ஜாயிண்ட் போடத் துப்பில்லாத பய! இவன் கையில எவன் ஸ்பேனரக் குடுத்தான்?”

ஒரு மணி நேரம் திட்டினார். நான் வலது ஆக்சிலைத் துடைத்தேன். முனையில் புள்ளி புள்ளியாகக் குத்திய பழைய ‘இ’ தெரிந்தது. கழற்றும்போதே இடதுக்கு ‘இ’, வலதுக்கு ‘வ’ என்று குத்திவைப்பது அண்ணனின் பழக்கம். இந்த நாட்டில் வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“அண்ணை, முந்தி நீங்கள் புஜைராவில வேலை செய்யேக்க இந்த வண்டி வந்ததோ?”

அவர் எழுத்தைப் பார்த்தார். கிரைண்டரை எடுத்து அதைத் தேய்த்து அழித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.